பஞ்சு பிளேயரில் மிச்சமாக ஓடிய பதினோரு நிமிஷம்

மழையைவிட வெயில் அதிக நாள் தங்கிப்போகிற ஊர் வெயிலுகந்தபுரம். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பொரிகடலைக் கடைக்கும் சூசையின் தையல் கடைக்கும் நடுவே, இரண்டு ஸ்டூல் போட்டால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும் என்கிற அளவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள் சங்கரவடிவு. யார் எந்தக் குறையைச் சொன்னாலும் அதைச் சரிசெய்யாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்தால்தான் பின்னால் நடந்த அத்தனையும் நடந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, வர வேண்டிய காலத்தில் அது வந்தது, வடிவின் கடை திறந்திருந்தது, நுழைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஊருக்கு மேற்கே இருந்த நூல் மில்லில் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்திறங்கிய வருஷம், பழையவை தொண்ணூறும் ஊருக்குள் வந்து, ஒன்று பூக்கடையிலும் ஒன்று வாட்டர் டேங்க் ஆபரேட்டர் வீட்டிலும் ஒன்று பள்ளிவாசல் தெருவில் பிரியாணி மாஸ்டர் வீட்டிலும் என்று ஆளுக்கொன்றாகக் குடியேறின. பெட்டி வந்ததே தவிர அதில் படம் பார்க்க முடியவில்லை. உலகத்தில் இருந்த பிளேயர்கள் எல்லாம் புது மெஷினுக்கென்று செய்தவை. அவற்றை இந்தக் கிழட்டுப் பெட்டிகளில் ஏற்றினால் கதாநாயகி ஒரு கையைத் தூக்கி இறக்குவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். "வடிவு, இதுக்கு ஒரு வழி பண்ணேன்" என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். வடிவு வழி பண்ணினாள். மத்தியானம் கடைத்தெரு ஆளில்லாமல் காயும் இரண்டு மணி நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஏழு மாதம் உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு பிளேயரை எழுதினாள். கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணப் போட்டோ பிடிக்கும் இடத்தைக்கூட அது பிடிக்கவில்லை. பாட்டைப் போட்டால் பாடியது, படத்தைப் போட்டால் ஓடியது, எந்தக் கிழட்டுப் பெட்டியிலும் மூச்சு வாங்காமல் ஓடியது. கனமே இல்லாததால் அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்தாள்.

அவள் புருஷன் சொரிமுத்து மினிபஸ் டிரைவர். பஞ்சை ஏற்றிய பென்டிரைவ்களை முறுக்குப் பாக்கெட் மாதிரி ஸ்டியரிங் பக்கத்தில் கொட்டி வைத்துக்கொண்டு, போகிற வழியில் இருந்த பதினாலு ஊருக்கும் அவனே கொண்டுபோய்ச் சேர்த்தான். குறை இருந்தால் எழுதச் சொல்லி, ஒரு நீள நோட்டைச் சணல் கயிற்றில் கட்டிக் கடை வாசலில் தொங்கவிட்டாள் வடிவு. வெறும் நோட்டில் முதல் ஆளாக எழுத எல்லாரும் கூச்சப்படுவார்கள் என்று முதல் வரியை அவளே எழுதினாள்: "திறக்கும்போது செய்தவர் பெயர் வர வேண்டும்." மறுநாளே அதைச் செய்தும்விட்டாள். பஞ்சைத் திறந்தால் மூன்று விநாடி, வெள்ளைத் திரையில், "செய்தவர்: சங்கரவடிவு, வெயிலுகந்தபுரம்" என்று நீல எழுத்தில் வரும். பத்திரிகையிலோ பள்ளிக்கூடப் பலகையிலோ அதுவரை எங்கேயும் வராத பெயர் அது. யாரும் பார்க்காத நேரத்தில் நாலைந்து தடவை மூடித் திறந்து பார்த்துக்கொண்டாள்.

இரண்டாவது வரியை எழுதியவர் பக்கத்துக் கடை சூசை. தையல் மெஷின் ஊசியில் நூல் கோர்க்கவே இன்னொருவரைக் கூப்பிடுகிற அளவுக்குக் கண் மங்கிப்போனவர். அவர் எழுதியது இது:

"பேத்தியின் ஞானஸ்நானப் படம் பார்த்தோம். படம் முடிந்த பிறகும் படம் ஓடுகிறது. பதின்மூன்று நிமிடம் ஓடியது. நன்றாக இருந்தது. நிறுத்தும் பட்டன் எள்ளு மாதிரி இருப்பதால் எனக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை. பெரிதாக்கித் தரவும்."

வடிவு அவரிடமே போய்க் கேட்டாள். "அண்ணாச்சி, முடிஞ்ச பிறகு எப்படி ஓடும்?"

"எப்படின்னு எனக்கு என்ன தெரியும் தாயீ. சாமியார் துண்டை எடுத்து பிள்ளை தலையைத் துடைச்சாரா, அதோட கேமராக்காரன் நிறுத்திட்டான். ஆனா படம் நிக்கல. பிள்ளை சாமியாரோட அங்கியைப் பிடிச்சு வாயில வச்சு சப்புது, அவரு இழுக்காரு, அது விட மாட்டேங்குது. என் சம்பந்தி செருப்பைக் காணோம்னு தேடுதாரு. அம்புட்டும் வந்துச்சு. நீ அந்தப் பட்டனைப் பாரு."

வடிவு பட்டனைப் பெரிதாக்கினாள். பிறகு தன்னுடைய கல்யாண வீடியோவைப் பஞ்சில் போட்டுப் பார்த்தாள். மாலையோடு இரண்டு பேரும் கும்பிட்ட இடத்தில் பன்னிரண்டு வருஷமாக முடிந்துகொண்டிருந்த படம், அன்றைக்கு முடியவில்லை, சொரிமுத்து மாலையைக் கழற்றி, கழுத்தைச் சொறிந்துகொண்டே, "உனக்கும் அரிக்கா?" என்று கேட்டதும், அவள் தலையை ஆட்டியதும், அவன் யாருக்கும் தெரியாமல் தன் துண்டு நுனியால் அவள் கழுத்தைத் துடைத்துவிட்டதும் வந்தன. அது நடந்ததையே அவள் மறந்திருந்தாள். தான் எழுதிய நாலாயிரத்துச் சொச்சம் வரியையும் ஒரு வாரம் துழாவினாள். முடிந்த படத்தை மேலே ஓட்டச் சொல்லும் வரி ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் ஓடுகிறதை ஓடவில்லை என்று எப்படிச் சொல்வது? விட்டுவிட்டாள்.

ஊரும் அதை ஒரு வாரத்துக்கு மேல் பெரிதாகப் பேசவில்லை. புதுக் குழாயில் தண்ணீர் வந்தால் எங்கிருந்து வருகிறது என்றா கேட்கிறார்கள், குடத்தைத்தானே கொண்டுவருகிறார்கள்? அந்த மாதிரி, கேமரா நின்ற பிறகு நடந்த நிமிஷங்களைப் பார்ப்பதற்கென்றே வீட்டில் கிடந்த சிடிக்களையும் மெமரி கார்டுகளையும் எடுத்துத் துடைத்தார்கள். சினிமாப் படத்தைப் போட்டால் கடைசியில் கதாநாயகன் விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மோர் கேட்டான். பக்திப் பாட்டைப் போட்டால் பாடியவர் இருமிவிட்டு, "சுருதி கொஞ்சம் இறங்கிருச்சோ?" என்று யாரிடமோ விசாரித்தார். வார்டு கவுன்சிலரின் கூட்டத்தைப் போட்டால் பேச்சு முடிந்து மேடையிலேயே அவர், "கைதட்ட ஆள் வச்சமே, எங்க போனானுக?" என்று கேட்பது வந்தது. இந்தக் கோளாறை உடனே நீக்கவும் என்று கவுன்சிலர் நோட்டில் எழுதிவைத்தார். வடிவு நீக்கத்தான் பார்த்தாள், வழி தெரியவில்லை. அதற்கப்புறம் அவர் கூட்டம் முடிந்தும் மேடையைவிட்டு இறங்காமல், மைக்செட்காரரிடமும் நாற்காலி அடுக்குகிறவர்களிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்டு நிற்கப் பழகினார்.

கவுன்சிலர் மட்டுமில்லை. கல்யாண வீடுகளில் கேமரா அணைந்ததும் உடனே யாரும் முகத்தைத் தளர்த்தவில்லை. மாமியார்கள் மருமகள்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள், பந்தியில் பாயசம் கிடைக்காத பெரியப்பா கோபத்தை அடக்கிக்கொண்டு பொறுத்திருந்தார். பொறுத்திருந்து பழகியவருக்கு, அதற்குப் பிறகு கோபப்பட ஞாபகம் இல்லாமல் போனது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் போட்டோ அனுப்பும் வழக்கம் போய், பத்து விநாடி வீடியோ அனுப்பும் வழக்கம் வந்தது. அந்தப் பத்து விநாடியை யாரும் பார்ப்பதில்லை.

நோட்டும் நிறைந்துகொண்டே போனது.

"மிச்சப் படத்தில் சத்தம் குறைவாக உள்ளது. கூட்டவும்."

"எங்கள் அத்தை இந்தப் பக்கம் திரும்புவதற்குள் முடிந்துவிடுகிறது. திரும்ப வைக்க முடியுமா?"

"எழுத்து எல்லாம் தமிழில் வேண்டும்."

"மிச்சப் படத்தில் மச்சான் வெற்றிலை துப்புகிறார். அந்த இடத்தை மட்டும் தாண்டிப்போக ஒரு பட்டன் வைக்கவும்."

அத்தையைத் திரும்ப வைக்க அவளால் முடியவில்லை. மற்றதையெல்லாம் செய்தாள். தாண்டிப்போகும் பட்டன், தமிழ் எழுத்து, சத்தம் கூட்டும் குமிழ், எதிர் வரிசையில் ஸ்டுடியோ வைத்திருந்த கோமதிநாயகத்துக்காக நிறம் கூட்டும் வசதி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேர்த்ததை சொரிமுத்து மினிபஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு வருஷத்தில் நாற்பது குறைகளைத் தீர்த்திருந்தாள்.

அப்போதுதான் கோமதிநாயகம் வந்து சொன்னார். அறுபது வயது, கையில் எந்நேரமும் வாட்ச். வீடியோ எடுக்கிறவருக்கு நிமிஷக் கணக்கு முக்கியம்.

"வடிவு, முதல்ல பதிமூணு நிமிஷம் ஓடிட்டு இருந்துச்சு. இப்ப பதினொண்ணுதான் ஓடுது. நீ ஒவ்வொரு தடவை எதையாவது சேக்கும்போதும் ஒரு மூணு செகண்டு, நாலு செகண்டு குறையுது. நான் குறிச்சு வச்சிருக்கேன், பாரு."

வடிவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் யாரும் பதினோரு நிமிஷம் போதாது என்று எழுதவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அப்படி எழுதும் ஆள் அடுத்த செவ்வாய்க்கிழமை மினிபஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் பெயர் பேச்சித்தாய், காட்டு வேலைக்குப் போகிறவள். கூடவே அவள் அக்கா இசக்கியம்மாள், சத்துணவு அமைப்பாளர், தங்கைக்கும் சேர்த்துப் பேசுகிறவள். இரண்டு பேருக்கும் வடிவு ஸ்டூலைப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டாள். பேச்சித்தாய் இடுப்பிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தாள். அதில் இருந்தது நாற்பது விநாடிப் படம் ஒன்று. நாலு வருஷத்துக்கு முந்தியது. அவள் புருஷன் கருத்தப்பாண்டி புதிதாக வாங்கிய டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்து, "காத்து அங்க வரைக்கும் வருதா பாரு" என்கிறான். அவ்வளவுதான் படம். அது எடுத்த இரண்டாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டான். அவன் குரல் உள்ள படம் உலகத்தில் அது ஒன்றுதான்.

வடிவு அதைப் பஞ்சில் போட்டாள். நாற்பது விநாடி முடிந்ததும், பேச்சித்தாய் போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுப் போன மாதிரி, படம் கொஞ்சம் சரிந்து நின்று ஓடியது. உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம். கருத்தப்பாண்டி ஃபேனின் கழுத்தைத் திருகினான், அது ஒரு பக்கமாகவே திரும்பிக்கொண்டது, அதைத் திட்டினான், சட்டைப் பொத்தானை அவிழ்த்துக் காற்று வாங்கினான், பாதிப் பாட்டுப் பாடினான், பாட்டு மறந்து விசிலடித்தான். பதினோராவது நிமிஷத்தின் கடைசியில் அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பி, வாயைத் திறந்தான். படம் நின்றுவிட்டது.

"இதுக்கு மேலதான் மதினி எனக்கு வேணும்" என்றாள் பேச்சித்தாய். "அன்னைக்கு அவரு என்னமோ சொன்னாரு. மிக்ஸி ஓடுனதுல எனக்குக் காது கேக்கல. கேக்காமலே சரி, சரின்னு சொல்லிட்டேன். அப்புறம் என்னன்னு கேக்கணும்னு நினைச்சு, சட்னி அரைச்சு, ஆளு வந்து, மறந்தே போச்சு. அவரு போன பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. எதுக்குச் சரின்னேன்னு தெரியலையே மதினி. சரின்னு சொல்லிட்டுச் செய்யாம இருக்கேனோ என்னமோ. நாலு வருஷமா இது ஒண்ணுதான் உறுத்துது."

"என்ன பெருசா சொல்லியிருக்கப் போறாரு" என்றாள் இசக்கியம்மாள். தங்கை புருஷன் உயிரோடு இருந்தபோதும் அவனை அவள் மதித்ததில்லை. "துண்டை எடுத்துட்டு வான்னு சொல்லியிருப்பாரு." ஆனாலும் நோட்டை எடுத்து, தங்கைக்காக அவள்தான் எழுதினாள்: "இன்னும் அரை நிமிடம் வேண்டும்."

வடிவு அன்றே உட்கார்ந்தாள். முதலில் நிறம் கூட்டும் வசதியை எடுத்துப் பார்த்தாள், பதினோரு நிமிஷம் பதினோரு நிமிஷமாகவே இருந்தது. தாண்டும் பட்டனை எடுத்தாள், தமிழ் எழுத்தை எடுத்தாள். போன வருஷத்துப் பழைய பஞ்சையே ஒரு பென்டிரைவிலிருந்து தேடி எடுத்துப் போட்டாள். அதிலும் கருத்தப்பாண்டி வாயைத் திறந்தான், படம் நின்றது. எடுத்ததையெல்லாம் திரும்ப வைத்துவிட்டு, செய்ய ஒன்றும் தோன்றாமல் நாலு நாள் இருந்தாள். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்தாள். சொரிமுத்து தட்டைக் கழுவி வைத்தான்.

ஐந்தாம் நாள் கோமதிநாயகம் கோபமாக வந்தார். நிறம் கூட்டும் வசதியால் ஒரு வீட்டு மணப்பெண்ணுக்கு முகம் பச்சையாகிவிட்டதாம். "எனக்கு இந்தக் கலரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று நோட்டைப் பிரித்து, தான் எழுதிய வரியைத் தன் பேனாவாலேயே அடித்துவிட்டுப் போனார். வடிவு அவர் சொன்னபடி அந்த வசதியை எடுத்தாள். சும்மா இருக்கட்டும் என்று கருத்தப்பாண்டியின் படத்தைப் போட்டாள். அவன் தலையைத் திருப்பினான், வாயைத் திறந்தான், "ஏ" என்றான். பிறகுதான் நின்றது.

வடிவு தெருவில் ஓடிப்போய்க் கோமதிநாயகத்தின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "அண்ணாச்சி, கேட்டவங்களே வேண்டாம்னு சொன்னாத்தான் அந்த நேரம் திரும்ப வருது."

அவர் வாட்சைப் பார்த்தார். "அப்ப மத்தவங்களையும் அடிக்கச் சொல்லு" என்றார்.

அதைச் சொல்லத்தான் வடிவுக்கு வாய் வரவில்லை. ஆளாளுக்கு ஆசையாகக் கேட்டு வாங்கிய வசதி. முகம் தெரியாத ஒருத்திக்காக அதைக் கொடு என்று எப்படிக் கேட்பது? அவள் கேட்கவில்லை. சொரிமுத்து கேட்டான். காலை முதல் டிரிப்பில், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, பயணிகளிடம் விஷயத்தைச் சொன்னான்: ஒரு பொம்பளை சரின்னு சொல்லியிருக்கு, எதுக்குன்னு தெரியல, இன்னும் அரை நிமிஷம் இருந்தாத் தெரியும். பதினாலு ஊருக்கும் அதையே சொன்னான்.

மத்தியானமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பூக்கடைக்காரி வந்து, சத்தம் கூட்டக் கேட்டிருந்த வரியை அடித்துவிட்டு, "நாங்க காதைத் தீட்டிக்கிறோம்" என்றாள். மச்சான் வெற்றிலை துப்புவதைத் தாண்டிப்போக வழி கேட்டவர் வந்து, துப்பிவிட்டுப் போகட்டும் என்று அடித்தார். பிரியாணி மாஸ்டர் அடித்தார். வாட்டர் டேங்க் ஆபரேட்டர் இரண்டு வரி எழுதியிருந்தார். ஒன்றை அடித்துவிட்டுப் போனவர், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து மற்றதையும் அடித்தார். தமிழ் எழுத்து கேட்டிருந்த ஆசிரியை மட்டும் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எடுத்துட்டா எது என்ன பட்டன்னு எங்க அம்மாவுக்குத் தெரியாதே வடிவு" என்றார். பிறகு, "சரி, நான் பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுக்கிறேன்" என்று அடித்தார். ஒவ்வொரு வரி அடிபடும்போதும் வடிவு அந்த வசதியைப் பஞ்சிலிருந்து எடுத்தாள். குறைந்த அளவுக்குத் திரும்பி வரவில்லை என்றாலும், கருத்தப்பாண்டிக்கு ஒரு சொல்லோ அரைச் சொல்லோ கூடியது.

"ஏ பேச்சி."

"ஏ பேச்சி, உங்க அக்காகிட்ட."

இந்த இடத்துக்கு வந்த நாளில் இசக்கியம்மாள் கடையில் இருந்தாள். ஸ்டூலைவிட்டு எழுந்தேவிட்டாள். "என்கிட்டயா? என்கிட்ட என்ன? என்னத்தைச் சொல்லப் போறாரு அவரு?"

"எனக்கு எப்படித் தெரியும்க்கா" என்றாள் பேச்சித்தாய்.

"ஏதோ வச்சுக்கிட்டுத்தான் சொல்லுதாரு. அந்த மனுஷன் என்னைப் பத்தி என்ன நினைச்சாருன்னு எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்." அதுவரை துணைக்கு வந்தவள், அன்று முதல் தங்கைக்கு முன்னாடியே மினிபஸ் ஏறி வந்தாள். நோட்டில் யார் யார் இன்னும் அடிக்கவில்லை என்று பார்த்து, அவர்கள் வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தாள்.

"ஏ பேச்சி, உங்க அக்காகிட்ட நான் ஒண்ணு சொல்லிவச்சிருக்கேன்" என்பது வரை வந்தது. அதற்குப் பிறகு கோழி என்று ஒரு சொல்லும் பாம்பு என்று ஒரு சொல்லும் வந்தன. ஆனால் விஷயம் என்ன என்பதற்குள் நின்றுவிட்டது. நிறைவேறிய வரிகளில் நோட்டில் மீதி இரண்டுதான் இருந்தன.

சூசை தையல் கடையிலிருந்து தடவித் தடவி வந்தார். "என் பட்டன் வரி எங்க இருக்குன்னு காட்டு தாயீ. நான் அடிச்சிடுதேன்."

வடிவு பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க அடிக்கக் கூடாது அண்ணாச்சி. மத்தவங்க கேட்டது வசதி. உங்களுக்கு அது இல்லாட்டி படத்தை நிறுத்தவே முடியாது."

"நிறுத்தாட்டி என்ன, ஓடிட்டுப் போகுது."

"இல்ல அண்ணாச்சி. உங்க பட்டன் இருக்கட்டும்."

அவர் போன பிறகு, அன்று மத்தியானம் பூராவும் நோட்டின் முதல் வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் வடிவு. திறக்கும்போது செய்தவர் பெயர் வர வேண்டும். அவள் கையெழுத்து. பதினாலு ஊரில் தினமும் எத்தனை பேர் பஞ்சைத் திறக்கிறார்களோ, அத்தனை தடவையும் மூன்று விநாடி அவள் பெயர் எங்கேயோ ஒரு வீட்டுத் திரையில் நீலமாக விழுந்துகொண்டிருந்தது. அதை நினைத்துக்கொண்டே சமைத்திருக்கிறாள், துணி துவைத்திருக்கிறாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். பேனாவை எடுத்தாள். வைத்தாள். பொரிகடலைக் கடையில் போய் ஒரு பொட்டலம் வாங்கி, தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள். அடித்ததும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கல்யாணத்தன்று மாலையைக் கழற்றி வைத்தபோது இருந்த மாதிரி கழுத்தில் கொஞ்சம் காற்றுப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படத்தைப் போடுவதென்று முடிவாயிற்று. வடிவின் கடையில் இடம் போதாதென்று, சூசையின் துணி வெட்டும் மேசையைத் தெருவில் இழுத்துப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். வெயில் படாமல் கோமதிநாயகம் தன் ஸ்டுடியோக் குடையைப் பிடித்துக்கொண்டார். வரி அடித்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பேச்சித்தாய் முன்னால் நின்றாள், அவளுக்கும் முன்னால் இசக்கியம்மாள் நின்றாள்.

பஞ்சைத் திறந்தபோது பெயர் எதுவும் வரவில்லை, நேராகப் படம் வந்தது. கூட்டத்தில் நாலைந்து பேர் திரும்பி வடிவைப் பார்த்தார்கள். அவள் திரையைப் பார்க்கும்படி கையைக் காட்டினாள்.

கருத்தப்பாண்டி ஃபேன் முன்னால் உட்கார்ந்தான். கழுத்தைத் திருகினான், திட்டினான், பாடினான், விசிலடித்தான். தெரு பதினோரு நிமிஷமும் அசையாமல் நின்றது. ஒரு மாட்டு வண்டி வந்து ஓரமாக நின்றுவிட்டது. அவன் அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"ஏ பேச்சி, உங்க அக்காகிட்ட நான் ஒண்ணு சொல்லிவச்சிருக்கேன். கோழிக்கூட்டுக்கு வந்த பாம்பை நான் வெறுங்கையால பிடிச்சுக் கொண்டுபோய் ஓடையில விட்டேன்னு. அவங்க உன்கிட்ட கேட்டா ஆமான்னு சொல்லிரு, என்ன?"

மிக்ஸிச் சத்தத்துக்கு உள்ளேயிருந்து பேச்சித்தாயின் குரல் வந்தது. "சரி, சரி."

கருத்தப்பாண்டி திருப்தியாக ஃபேன் பக்கம் திரும்பிக்கொண்டான். படம் முடிந்தது.

பேச்சித்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பக்கத்தில் நின்ற வடிவுக்கே தெரியவில்லை. இசக்கியம்மாள் மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பாம்பு" என்றாள். "அன்னைக்கு வந்து அரை மணி நேரம் என்கிட்ட பெருமை பேசுனாரு. நான் நம்பல. உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன், கேக்கல. இப்பக் கேக்கேன். அவரா பிடிச்சாரு?"

பேச்சித்தாய் முந்தானையை எடுத்தாள்.

"ஆமாக்கா" என்றாள். "அவருதான் பிடிச்சாரு."

"வெறுங்கையாலயா?"

"வெறுங்கையாலதான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"இப்ப அவரே சொல்லுதாருல்லா, சொல்லிவச்சிருக்கேன்னு?"

"சொல்லிவச்சிருக்கேன்னுதானக்கா சொன்னாரு. பொய்யின்னா சொன்னாரு?"

இசக்கியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். "அதான அம்மா" என்றார் சூசை. "அப்பவே எங்க காதுக்கு வந்துச்சு" என்றாள் பூக்கடைக்காரி. "பஸ்ஸுல எல்லாரும் பேசிக்கிட்டாங்க, ரெண்டு நாளைக்கு இதே பேச்சுதான்" என்றான் சொரிமுத்து. கோமதிநாயகம் வாட்சைப் பார்த்துக்கொண்டே, தலையை ஆட்டி, ஆமென்றார். மாட்டு வண்டிக்காரர் யாரென்றே யாருக்கும் தெரியாது. அவரும் வண்டியில் இருந்தபடியே, "நல்ல தைரியசாலிம்மா அந்த ஆளு" என்றார்.

இசக்கியம்மாள் அணைந்த திரையைப் பார்த்தாள். வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு முதல் தடவையாகத் தங்கை புருஷனைப் பற்றி மரியாதையான குரலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"எம்புட்டு நீளம் இருக்கும்?"

பேச்சித்தாய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அது போதாதென்று தோன்றியது அவளுக்கு. பக்கத்தில் நின்ற வடிவின் கையைப் பிடித்து, அதையும் சேர்த்து நீட்டிக் காட்டினாள்.